எல்லைக்கு அப்பால் ஹலாலா?

2022-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி தாய்லாந்து சர்க்கார் தன் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாச் செடியை நீக்கிவிட்டது. சில மாதங்களுக்குள் ஹாட்யாய் முதலிய ஊர்களில் பச்சை இலைச் சித்திரம் எழுதிய பலகைகளுடன் கடைகள் முளைத்தன. கண்ணாடி ஜாடிகளில் மொட்டுகளை நிரப்பி வைத்து, நாம் ஏலக்காயையும் பட்டையையும் தரம் பிரித்து விலை சொல்வதுபோல் அங்கே விலை சொன்னார்கள். அதே சரக்கில் 200 கிராம், எல்லைச் சாவடிக்கு இப்பால் ஒருவன் பையில் அகப்பட்டால், அவன் கடத்தல்காரன் என்றே நமது 1952-ஆம் ஆண்டின் அபாய மருந்துகள் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். கடத்தல் குற்றத்துக்கு மரண தண்டனை வரை விதிக்க நீதிபதிக்கு இடமுண்டு.

அந்நாட்களில் நம் வியாபாரிகளிடையே இரண்டு விதமான பேச்சு எழுந்தது. “பாவமான பொருளாயிருந்தால் ஒரு சர்க்கார் பகிரங்கமாக விற்க விடுமா? அங்கே ஒரு கடையில் பங்கு போட்டால் என்ன குற்றம்?” என்பது ஒன்று. “நம் நாட்டில் தூக்குமரம் வரை கொண்டுபோகிற பொருளாயிற்றே, அதைவிடப் பெரிய பாவம் வேறென்ன இருக்கிறது?” என்பது மற்றொன்று. ஒருவர் எல்லைக்கு அப்பால் பார்த்துப் பேசுகிறார், மற்றவர் இப்பால் பார்த்துப் பேசுகிறார். ஆனால் இருவரும் சறுக்குகிற இடம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம். ஹலால் ஹராமைத் தீர்மானிக்கும் காஜியின் ஆசனத்தில் இருவருமே சர்க்காரை உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஆசனத்தைச் சர்க்காரும் கேட்கவில்லை, அதற்குரிய இல்மும் அதனிடம் இல்லை.

சட்டம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்காவைப் போன்ற பாடசாலை வேறில்லை. அங்கே சட்டம் மாறுவதற்கு எல்லையைத் தாண்டவே வேண்டியதில்லை. ஒருவன் நின்ற இடத்திலேயே மத்திய சர்க்காரின் சட்டம், மாநிலத்தின் சட்டம், ஊராட்சியின் சட்டம் என்று மூன்றும் அவன் தலைமேல் நிற்கின்றன.

1970-இல் அமெரிக்க மத்திய சர்க்கார் போதைப்பொருள்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. கஞ்சாவை முதல் அட்டவணையில், ஹெராயினுக்கு அருகில் வைத்தது. அதில் வைத்தால் மருந்தாகவும் பயன்படாது என்று பொருள். 1996-இல் கலிபோர்னியா மாநிலத்து மக்கள் வாக்களித்து, வைத்தியர் சிபாரிசு செய்தால் நோயாளி கஞ்சா பயிரிட்டு உபயோகிக்கலாம் என்று சட்டம் செய்துகொண்டார்கள். 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த மாநிலத்தில் ஒரு நோயாளிப் பெண்மணியின் வீட்டுக்கு இரண்டு வகை அதிகாரிகள் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். வட்டாரப் போலீசார் விசாரித்துப் பார்த்து, மாநிலச் சட்டப்படி அந்த அம்மாள் செய்வதில் குற்றமில்லை என்றார்கள். உடன் வந்த மத்திய சர்க்கார் அதிகாரிகளோ, மத்திய சட்டப்படி குற்றம்தான் என்றார்கள். மூன்று மணி நேரம் இழுபறி நடந்தது. முடிவில் மத்திய அதிகாரிகள் அவளுடைய ஆறு செடிகளையும் பிடுங்கி அழித்துவிட்டுப் போனார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2005-இல் ஆறு நீதிபதிகள் மத்திய சர்க்கார் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பாயிற்று. கோர்ட்டார் ஆராய்ந்தது என்ன? மாநிலங்களுக்கிடையே நடக்கும் வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு உண்டே, அது வீட்டுக்கொல்லையில் சொந்த உபயோகத்துக்கு வளர்த்த ஆறு செடி வரை நீளுமா என்பதைத்தான். அந்தச் செடியை உண்பது நன்மையா தீமையா என்று அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. அவர்கள் முன் இருந்த கேள்வி அதுவல்ல.

மத்திய சர்க்கார் வென்றதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2012-இல் கொலராடோ, வாஷிங்டன் என்ற இரண்டு மாநிலங்கள், நோய் ஒன்றும் இல்லாதவரும் வாங்கலாம் என்று வாக்களித்தன. 2014-ஆம் ஆண்டின் முதல் நாளில் கொலராடோவில் கடைகள் திறந்தன. 2023-ஆம் ஆண்டு முடிவதற்குள் இப்படி அனுமதித்த மாநிலங்கள் 24 ஆகிவிட்டன. இது எப்படி நடக்கிறது என்றால், மத்திய சர்க்கார் தன் சட்டத்தை நிறைவேற்றும்படி மாநிலப் போலீசுக்கு உத்தரவிட முடியாது. அந்நாட்டு அரசியலமைப்பின் விதி அது. மத்திய சர்க்காரின் சொந்தச் சிப்பந்திகளோ சொற்பம். ஆகவே 2013-இல், “இன்னின்ன கட்டுப்பாடுகளைக் காப்பாற்றும் மாநிலங்களில் நாங்கள் தலையிடுவதை முக்கியமாகக் கருதமாட்டோம்” என்ற பொருளில் மத்திய நீதி இலாகா ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2018 ஜனவரியில் வேறு ஆட்சியினர் வந்து அந்தச் சுற்றறிக்கையை ரத்துச் செய்தார்கள். சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே இவ்வளவும் நடந்தது.

இந்த இழுபறியில் அங்குள்ள கடைக்காரர்கள் பட்ட பாட்டை வியாபாரிகளாகிய நாம் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். பல பேங்குகள் அவர்கள் பணத்தைத் தொட அஞ்சின. மத்திய சட்டப்படி அது குற்றத்தின் பணம். ஆகையால் ரொக்கத்தைப் பெட்டியில் அடைத்துக் காவல் போட்டு, வரியையும் ரொக்கமாகவே கொண்டுபோய்க் கட்டினவர்கள் உண்டு. வரியின் கதை இன்னும் வேடிக்கையானது. 1981-இல் ஒரு போதைப்பொருள் வியாபாரி, தன் வீட்டு வாடகையில் ஒரு பங்கையும் டெலிபோன் செலவையும் தராசின் விலையையும் தொழிற்செலவாகக் கழிக்க வேண்டும் என்று வருமானவரி கோர்ட்டில் வாதாடினான். பெரும்பகுதி அவன் பக்கமே தீர்ப்பாயிற்று. மறுவருஷமே சட்டசபையார் விழித்துக்கொண்டு, முதல் இரண்டு அட்டவணைப் பொருள்களை விற்பவனுக்கு அவ்வகைச் செலவு எதையும் கழிக்கக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். திருட்டு வியாபாரியைப் பிடிக்கப் போட்ட அந்த வலை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் லைசென்ஸ் வாங்கி விற்ற கொலராடோ கடைக்காரர் கழுத்தில் விழுந்தது. கொள்முதல் விலையைக் கழிக்கலாம். கடை வாடகையும் சிப்பந்திகள் சம்பளமும் கழிக்க முடியாது. இந்தக் கணக்கில் கல்லாப்பெட்டி நிறைந்தும் கையில் மிஞ்சாதவர் எத்தனை பேர் என்று நம்மவர் ஊகித்துக்கொள்ளலாம்.

மாநிலங்களுக்குள்ளும் ஒற்றுமையில்லை. விற்பனை எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று விலக்கிக்கொள்ளும் உரிமையைக் கொலராடோ தன் ஊராட்சிகளுக்குக் கொடுத்தது. பல ஊர்கள் அப்படியே விலக்கிக்கொண்டன. ஓரகன் மாநிலத்தின் கிழக்கு எல்லையில் ஒன்டாரியோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2019-இல் அங்கே கடைகள் திறந்தபோது வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர், ஆற்றுக்கு அப்பால் இதைத் தடுத்து வைத்திருக்கும் ஐடஹோ மாநிலத்திலிருந்து காரில் வந்தவர்கள். நமது பாடாங் பெசாரின் கதை அங்கும் நடக்கிறது என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் சிரிப்பு வராத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் குடியுரிமை கேட்கும் அந்நியன் தனக்கு நல்லொழுக்கம் உண்டு என்று காட்ட வேண்டும். மாநிலச் சட்டம் அனுமதித்த கஞ்சாக் கடையில் வேலை பார்த்திருந்தாலும், அது நல்லொழுக்கத்துக்குக் குறைவாகலாம் என்று மத்திய குடியேற்ற இலாகா 2019 ஏப்ரலில் தன் அதிகாரிகளுக்கு விளக்கம் கொடுத்தது. உள்ளூரில் பிறந்த முதலாளி ஊர்ப் பெரிய மனிதனாகக் கடை நடத்தலாம்; அவனிடம் சம்பளத்துக்கு நின்ற வந்தேறி ஒழுக்கம் கெட்டவனாகிறான். ஒரே கூரையின் கீழே, ஒரே கல்லாவின் முன்னே! ஒழுக்கத்தை எடைபோட ஒரு தேசத்தின் சட்டத்தை நம்பினால் தராசு எப்படி ஆடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாலந்தில் 1970-களிலிருந்து ‘காபிக்கடை’ என்ற பெயரில் நடக்கும் இடங்களில் ஓர் ஆளுக்கு ஐந்து கிராம் வரை விற்றால் வழக்குப் போடுவதில்லை. ஆனால் அந்தக் கடைக்காரன் சரக்கை மொத்தமாக வாங்குவது குற்றமாகவே இருந்தது. முன்வாசலில் விற்பனை, பின்வாசலில் திருட்டு. பின்வாசலையும் சட்டத்துக்குள் கொண்டுவரும் பரீட்சையைச் சில ஊர்களில் மாத்திரம் 2023 டிசம்பரில்தான் தொடங்கினார்கள். கனடா 2018-இல் நாடு முழுவதும் அனுமதித்தது. எனினும் வாங்குவதற்கு ஆல்பர்ட்டாவில் 18 வயதும் கியூபெக்கில் 21 வயதும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் கான்பரா நகரைச் சேர்ந்த பிரதேசம் 2020 ஜனவரி 31 முதல் ஓர் ஆள் இரண்டு செடி வளர்க்கலாம், 50 கிராம் வைத்திருக்கலாம் என்றது. அந்நாட்டு மத்திய சர்க்காரின் சட்டப் புத்தகத்தில் தடை அப்படியே நின்றது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் பிசினையும் பூங்கொத்தையும் தடுத்தது, தனி இலையை விட்டுவிட்டது. அதனால் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் பாங் என்னும் அரைத்த இலைக்கு மாநில சர்க்காரே லைசென்ஸ் கொடுக்கிறது. செடி ஒன்று, பூவில் சிறை, இலையில் லைசென்ஸ்.

தூரதேசத்தை எண்ணி வியந்துகொண்டிருக்கிறோமே, நாம் நிற்கும் மண்ணின் கதை என்ன? 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் இத்துறைமுகங்களில் அபினுக்கும் சாராயத்துக்கும் குத்தகை விட்டதுபோலவே, நம் இந்தியர்களை உத்தேசித்துக் கள்ளுக்கும் பாங்குக்கும் சேர்த்தும் ஒரு குத்தகை விட்டார்கள். ஏலம் எடுத்தவன் விற்றான். 1910-இல் ஜலசந்திக் குடியேற்ற நாடுகளின் சர்க்கார் அபின் வியாபாரத்தைக் குத்தகைக்காரரிடமிருந்து தானே எடுத்து நடத்தத் தொடங்கிற்று. சண்டு என்னும் புகைக்கும் அபினை சர்க்கார் தொழிற்சாலையில் காய்ச்சி, சர்க்கார் கடையில் விற்றார்கள். சில ஆண்டுகளில் மொத்த வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அதிலிருந்து வந்தது. சாலைகளும் துறைமுகங்களும் ஆஸ்பத்திரிகளும் அந்தப் பணத்தில் எழுந்தன. யுத்தம் முடிந்து 1946-இல்தான் அது தடையாயிற்று. இன்று அதே சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. எல்லைக்கோடு நிலத்தின்மேல் மாத்திரம் போடப்படுவதில்லை. வருஷங்களின் மேலும் போடப்படுகிறது. 1930-இல் சண்டுக் கடைக்கு நம் பாட்டன்மார் போகாதிருந்தார்களென்றால், போலீசுக்குப் பயந்தா போகாதிருந்தார்கள்? அந்தக் கடையின் சாவியே சர்க்காரிடம்தானே இருந்தது.

இனி நம் மார்க்கத்தில் இதற்குரிய இடத்தைப் பார்ப்போம். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதையும், ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் சொல்கிறேன். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து அரபு மக்களிடையே இந்தச் செடி வழக்கத்தில் இல்லை. நான்கு இமாம்களும் இதைப்பற்றிப் பேசவில்லை. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டையொட்டித்தான் ஹஷீஷ் என்ற பெயரில் இது முஸ்லிம் நாடுகளில் பரவி, உலமாக்கள் எழுத நேர்ந்தது. இப்னு தைமிய்யா அவர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்து, மது அருந்தியவனுக்குரிய ஹத்துத் தண்டனையே இதற்கும் என்றார்கள். ஷாஃபி மத்ஹபின் இமாம் ஸர்கஷீ அவர்கள் இது ஹராம் என்பதை நிலைநாட்ட ஒரு தனிக் கிதாபே எழுதினார்கள். அதே மத்ஹபின் இமாம் நவவீ அவர்களோ, திரவமல்லாத போதைப்பொருளுக்கு மதுவைப்போல் நஜீஸ் என்ற ஹுக்மு இல்லை, ஹத்தும் இல்லை, தஃஜீர்தான், அதாவது காஜி ஆளையும் நிலைமையையும் பார்த்துக் கொடுக்கும் தண்டனைதான் என்றார்கள். அங்கத்தைத் துண்டிக்கும் சிகிச்சையில் நோயாளியை மயக்குவதற்கு இவ்வகைப் பொருளைக் கொடுக்கலாம் என்றும் நம் ஃபிக்ஹு கிதாபுகளில் இருக்கிறது.

இதில் கவனிக்கத்தக்கது என்னவென்றால், தண்டனை எவ்வளவு, நஜீஸா இல்லையா, மருந்துக்கு எதுவரை என்பவற்றில் அவர்களும் வேறுபட்டார்கள். இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை அவை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் புத்தியை மறைக்கும் அளவு உட்கொள்வது ஹராம் என்பதில் வேறுபடவில்லை. புத்தி அல்லாஹுத் தஆலா மனிதனிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதே காரணம். அந்த அமானிதம் ஹாட்யாயில் ஒரு சட்டப்படியும் அலோர் ஸ்டாரில் வேறு சட்டப்படியும் ஒப்படைக்கப்படவில்லை.

இங்கே ஒரு கெட்டிக்கார வியாபாரி குறுக்கிட்டு, “இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் எல்லையைப் பார்த்துத்தானே ஃபத்வா கொடுத்தார்கள்?” என்று கேட்கலாம். நம்மில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள், மரைக்காயர்கள் ஷாஃபிகள். ஆகையால் இந்தக் கேள்வி நம் சங்கத்தில் எழத்தான் செய்யும். உண்மைதான். முஸ்லிம்களோடு யுத்த நிலையில் உள்ள தாருல் ஹர்பில், அந்நாட்டார் மனம் ஒப்பிக் கொடுக்கும்போது, இங்கே செல்லாத சில கொடுக்கல் வாங்கல்களினால் வரும் பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று இமாம் அவர்களும் அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மது அவர்களும் சொன்னார்கள். மற்றொரு மாணவர் இமாம் அபூயூசுஃப் அவர்கள் ஆசிரியருக்கு எதிராகவே நின்று, கூடாது என்றார்கள். இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களின் கொள்கையோ, முஸ்லிமுக்கு இங்கே ஹலாலானது அங்கேயும் ஹலால், இங்கே ஹராமானது அங்கேயும் ஹராம் என்பது. பூமி மாறுவதால் ஹுக்மு மாறாது என்பதே அதன் சாரம்.

ஹனஃபிச் சகோதரர் இமாமின் சலுகையைப் பிடித்துக்கொண்டாலும் அது அவருக்கு உதவாது. அது யுத்த பூமியைப் பற்றியது. பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கிக்கொண்டு போய்வருகிற நட்பு நாடு யுத்த பூமியாகிவிடாது. மேலும் அது ஒப்பிக் கொடுத்த பொருளைப் பற்றியது. போதைப்பொருளை உண்பதற்கு அதில் அனுமதி கிடையாது. மது விஷயத்தில் குடிப்பவனை மாத்திரமல்ல, பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் கிரயத்தைத் தின்பவன் என்று பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸில் வருகிறது. அந்தப் பத்தில் எத்தனை பேர் வியாபாரிகள் என்று எண்ணிப் பார்த்தால் நமக்குத் தூக்கம் வராது.

இதற்கு நேர் எதிரான நிலையும் ஒன்று உண்டு. அதை நம் மளிகைக் கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். கசகசா ஹலாலான பொருள்; குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிறோம். சிங்கப்பூரிலோ அது தடைப்பட்ட சரக்கு. அதன்மேல் மார்பின் கலந்திருக்கக்கூடும் என்பது காரணம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைதான். அங்கே ஆளுகிறவர்கள் முஸ்லிம்கள். “மார்க்கத்தில் ஹலால்தானே” என்று ஒருவர் ஜொகூர் பாலத்தின் வழியாக ஒரு பொட்டலம் கசகசாவை மறைத்துக் கொண்டுபோனால் அது தக்வாவாகுமா? ஆகாது. விசாவும் லைசென்ஸும் நாம் கொடுத்த வாக்குகள். ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. அமான் பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைந்தவன் அந்நாட்டாருக்கு மோசடி செய்யக்கூடாது என்று எல்லா மத்ஹபுகளிலும் இருக்கிறது. ஆகவே வியாபாரிக்கு இரண்டு வாசல்கள். ஒரு சரக்கு இரண்டிலும் நுழைந்து வர வேண்டும். கசகசா ஒரு வாசலில் நிற்கிறது, ஹாட்யாய்க் கஞ்சா மற்றொன்றில் நிற்கிறது.

சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்நாட்டுப் பிரஜையோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டால், உள்நாட்டில் உட்கொண்டதாகவே பாவித்து வழக்குத் தொடர அங்கே சட்டம் இருக்கிறது. பாங்காக்கிலும் டொராண்டோவிலும் கடையில் ரசீது கொடுத்து விற்றாலும் சரியே. கான்பராவிலும் கனடாவிலும் படிக்கும் பிள்ளைகள் “இங்கே சட்டப்படி சரி” என்று சொல்லும்போது, ஊரிலுள்ள பெற்றோர்கள் வாயடைத்துப் போகிறார்கள். பிள்ளை சொல்வதில் பாதி உண்மை. அந்த ஊர்ச் சட்டம் அவனைப் பிடிக்காது. அவனுடைய பாஸ்போர்ட்டைக் கொடுத்த நாட்டின் சட்டம் பிடிக்கலாம். இரண்டும் பிடிக்காத ஒரு தேசத்தவனாக அவன் இருந்தாலும் அவனுடைய தொழுகை என்னாவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதைக் கேட்கும் உரிமை தகப்பனுக்கு உண்டு. ஆனால் இத்தனை நாளும் “போலீஸ் பிடிக்கும்” என்று மாத்திரமே சொல்லி வளர்த்த தகப்பன், போலீஸ் பிடிக்காத ஊரில் மகனிடம் என்ன சொல்வார்?

தூக்குமரத்தைக் காட்டிப் பேசிய இரண்டாமவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 2023 ஏப்ரலில், ஒரு கிலோ அளவு கஞ்சாவைக் கடத்தும் சதியில் பங்கு கொண்டதாகத் தீர்ப்பான ஒரு தமிழர் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அச்சமயம் தாய்லாந்துக் கடைகளில் அது பகல் வெளிச்சத்தில் விற்றுக்கொண்டிருந்தது. அந்நாட்டுச் சட்டத்தைத் தீர்ப்பிட நான் துணியவில்லை. ஆனால் அன்று நம்மில் சிலர் தேநீர்க் கடையில் “வேண்டியதுதான்” என்று இலேசாகச் சொன்னதை என் காதால் கேட்டேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. தண்டனை பெரிதாயிருப்பதால் பாவம் பெரிதென்று ஆகிவிடாது. வட்டி வாங்குகிறவனை எந்தச் சர்க்காரும் தூக்கிலிடுவதில்லை. திருமறையிலோ வட்டிக்கு வந்திருக்கும் எச்சரிக்கை யுத்தப் பிரகடனம் போன்றது. பொருளைச் சுமந்து அகப்படுகிறவன் பெரும்பாலும் கூலிக்காரன். அதில் லாபம் தின்றவன் வேறெங்கோ இருக்கிறான். நமது மலேசியாவில் 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, மரண தண்டனையா, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியுமா என்று ஆளைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதியிடம் திரும்ப வந்தது. அதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது ஷாஃபி கிதாபுகளின் தஃஜீர்தான்.

தாய்லாந்துக் கதையும் பின்னர் மாறிவிட்டது. 2025 ஜூன் மாதத்தில் அந்நாட்டு சர்க்கார், வைத்தியர் சீட்டு இல்லாமல் கஞ்சா மொட்டு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. முதலைப் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். அன்று பங்கு போடாமல் தப்பினோம் என்று சிலர் மகிழ்ந்ததைக் கேட்டேன். அந்த மகிழ்ச்சி எனக்கு விளங்கவில்லை. நஷ்டம் வந்ததால் அது ஹராமாகவில்லை. கொள்ளை லாபம் கிடைத்திருந்தாலும் ஹராம்தான்.

பங்கு போடுவது வேறு, வாடகைக்கு விடுவது வேறு என்று கேட்கிறவர்கள் உண்டு. கடைவீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. முஸ்லிமல்லாதார் வாழும் கிராமப்புறத்தில், மது விற்பவனுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதை இமாம் அபூஹனீஃபா அவர்கள் அனுமதித்தார்கள். விற்கிற பாவம் விற்பவனுடையது, வீட்டுக்காரன் விட்டது சுவரையும் கூரையையும்தான் என்பது அவர்கள் நியாயம். மாணவர் இருவரும் அது தகாது என்றார்கள். ஷாஃபி மத்ஹபில், மது காய்ச்சுவான் என்று நிச்சயமாகத் தெரிந்தவனுக்குத் திராட்சையை விற்பதே ஹராம், சந்தேகமாயிருந்தால் மக்ரூஹ். சுருட்டிப் புகைக்கும் மெல்லிய தாளைக் கடையில் வைக்கலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். புகையிலைக்கும் அதுதான், கஞ்சாவுக்கும் அதுதான். வாங்குகிறவன் யாரென்று கடைக்காரருக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். அதற்குக் கிதாபு புரட்ட வேண்டியதில்லை என்றேன்.

ஹாட்யாயில் மனைவி வழியில் வந்த ஒரு கடையைப் பார்த்துக்கொள்ளும் ராவுத்தர் ஒருவரை எனக்குத் தெரியும். 2022-ஆம் ஆண்டின் கடைசியில் அந்தக் கடையைக் கேட்டு ஒருவர் வந்தார். வழக்கமான வாடகையைப்போல் ஒன்றரை மடங்கு, ஆறு மாதம் முன்பணம். என்ன வியாபாரம் என்று இவர் கேட்டார். பச்சை இலை வியாபாரம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். இமாமின் சலுகை இவருக்கும் தெரியும். என்றாலும் மறுத்துவிட்டார். கடை நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு பழைய வாடகைக்கே ஒரு துணிக்கடைக்காரருக்கு விட்டார்.